சிட்டியை விட்டுப் பறவையைப் பிடித்த இரண்டாம் பாகம்

பாலாவிச் சந்தியில் கற்பிட்டி வீதிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அதுவே ஒரு படம்தான். முதலில் கண்ணைக் கூசவைக்கும் உப்புப் பாத்திகள். பிறகு தென்னை, பனை, மரக்கறித் தோட்டங்கள். மாம்புரி வந்ததும் கடற்பக்கம் ராட்சதக் காற்றாடிகள் தலை காட்டும். இன்னும் கொஞ்சம் போனால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. பாடசாலை விட்ட நேரத்துப் பஸ் என்றால் இத்தனைக்கும் பின்னணி இசையாகப் பையன்களின் சண்டையும் கேட்கும்.

"மொதப் படம்தான்டா படம். ரயில்ல சிட்டி சண்ட புடிக்கிறானே, அது மாதிரி ரெண்டாவதுல ஒண்டு காட்டு பாப்பம்."

"ரெண்டாவதுல பறவ இருக்குத்தானே. எவ்வளவு பெரிய பறவ!"

"பெருசு எண்டா நல்லமா?"

இதற்குப் பதில் வரவில்லை. பின்சீட்டிலிருந்து மூன்றாமவன் ஒருவன் ஆட்டுக்குட்டி மாதிரி "ம்மே..." என்று கத்தினான். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். ரொபோ சிட்டி கெட்டவனானதும் போடும் அந்தக் கத்தல் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கத்தியவன் 'எந்திரன்' வந்த பிறகு பிறந்தவன்.

சூப்பர் ஹீரோ படத்துக்கு இரண்டாம் பாகம் வந்தால் அது முதலாவதுக்கு ஈடு கொடுக்குமா என்பது உலகம் முழுக்க நடக்கும் வழக்கு. தமிழில் அந்த வழக்குக்கு உருப்படியாக ஒரே ஒரு கோப்புதான் இருக்கிறது. 2010-இல் வந்த 'எந்திரன்', 2018-இல் வந்த '2.0'. தமிழில் முகமூடி போட்டவர்கள் குறைவில்லை. சேவல் வேடத்தில் 'கந்தசாமி' 2009-இல் வந்தார். மிஷ்கின் 2012-இல் 'முகமூடி' எடுத்தார். அந்த நாயகர்கள் இருவருமே ஒரு படத்தோடு வீட்டுக்குப் போனார்கள். திரும்பி வந்தவன் சிட்டி மட்டும்தான்.

'எந்திரன்' 2010 அக்டோபர் 1 அன்று வெளியானது. அதே ஆண்டு மார்ச்சில்தான் மாம்புரியில் இலங்கையின் முதலாவது தனியார் காற்றாலைப் பண்ணை 10 மெகாவொட் வலுவோடு சுழலத் தொடங்கியிருந்தது. அடுத்த ஆண்டு நுரைச்சோலையில் முதல் 300 மெகாவொட் அலகு இயங்கியது. 2014-இல் மூன்று அலகும் சேர்ந்து 900 ஆயின. ஆக, சிட்டி திரையில் கண் விழித்த காலத்தில்தான் இந்தக் கரையிலும் ராட்சத இயந்திரங்கள் எழுந்து நின்றன. வெறும் தற்செயல்தான். ஆனால் '2.0'வை இந்த வீதியில் வைத்துப் பார்க்கும்போது அந்தத் தற்செயல் சும்மா இருக்க விடாது.

ஷங்கர் இந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு ஏறக்குறைய பத்து வருஷம் அலைந்தார். முதலில் கமல்ஹாசனையும் பிரீத்தி ஜிந்தாவையும் வைத்து 'ரோபோ' என்ற பெயரில் ஒப்பனைச் சோதனை வரைக்கும் போய் நின்றது. பிறகு ஷாருக் கானிடம் போய் அங்கேயும் நின்றது. கடைசியில் ரஜினிகாந்த் நடிக்க, சன் பிக்சர்ஸ் தயாரித்தது. எழுத்தில் கூட இருந்த சுஜாதா 2008 பெப்ரவரியில் காலமானார். மிச்ச வசனத்துக்கு மதன் கார்க்கி வந்தார். சுஜாதாவுக்கு இயந்திரமும் புதிதில்லை, இரண்டாம் பாகமும் புதிதில்லை. 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியைப் படைத்துவிட்டு, அது வாசகர்களிடம் பெற்ற செல்லத்தைப் பார்த்து 'மீண்டும் ஜீனோ' எழுதியவர் அவர். அந்த நாவலின் நாயகி பெயர் நிலா. '2.0'வில் ஏமி ஜாக்சன் நடித்த ரொபோவின் பெயரும் நிலா. ஒற்றுமை பெயரோடு நின்றுபோனது என்பது வேறு கதை.

முதல் படம் ஏன் நின்றது என்று கேட்டால் பலரும் சண்டைகளைச் சொல்வார்கள். நூற்றுக்கணக்கான சிட்டிகள் சேர்ந்து உருண்டையாகவும் பாம்பாகவும் மாறும் கடைசி அரை மணி நேரம் அன்றைக்குப் பெரிய விஷயம்தான். சிறப்புக் காட்சிக்கும் கலை வடிவமைப்புக்கும் இந்திய தேசிய விருதுகள் கிடைத்தன. என்றாலும் படத்தின் உயிர் இருக்கும் இடம் வேறு.

அடுக்குமாடியில் தீப்பிடிக்கிறது. சிட்டி நெருப்புக்குள் புகுந்து ஒவ்வொருவராய்த் தூக்கி வருகிறான். கீழே கூட்டம் கைதட்டுகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு இளம்பெண்ணையும் அவன் இருந்த கோலத்திலேயே அள்ளிக்கொண்டு வந்து தொலைக்காட்சிக் கமெராக்களுக்கு முன் நிறுத்துகிறான். உயிர் என்றால் என்னவென்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மானம் என்றால் என்னவென்று சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளை கூனிக்குறுகி ஓடுகிறாள், வாகனத்தில் அடிபட்டுச் செத்துப்போகிறாள். காப்பாற்றியவனே காரணமாகிவிட்டான், அது அவனுக்கு விளங்கவுமில்லை. இரண்டு நிமிஷம்கூட இல்லாத இந்த இடத்தில் படம் ஒரு பெரிய கேள்வியைப் போட்டுவிடுகிறது. இதற்குப் பிறகுதான் அவனைப் படைத்த விஞ்ஞானி வசீகரன் அவனுக்கு உணர்ச்சியைக் கற்றுக்கொடுக்கப் போகிறார். உணர்ச்சி வந்ததும் காதல் வருகிறது, காதல் வந்ததும் பொறாமை, அதற்குப் பின் சிவப்புச் சில்லு, "ம்மே". ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறது. வில்லனை வெளியே தேடத் தேவையே இல்லை.

முடிவில் நீதிமன்ற உத்தரவுப்படி சிட்டி தன்னைத்தானே கழற்றிக்கொள்கிறான். கை, கால், கடைசியில் தலை. பிறகு 2030-ஆம் ஆண்டின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் அந்தத் தலை. ஏன் கழற்றினார்கள் என்று பாடசாலைப் பிள்ளை ஒருத்தி கேட்க, தான் யோசிக்கத் தொடங்கியதுதான் காரணம் என்று அது பதில் சொல்கிறது. ரஜினி படம் ஒன்று இவ்வளவு சோகமாக முடிந்தும் கொட்டகையில் யாரும் கதிரையை உடைக்கவில்லை.

அந்தக் காலத்தில் கற்பிட்டிப் பக்கம் படம் பார்ப்பது சீடியில்தான். புத்தளம் நகரத்துச் சீடிக் கடை ஒன்றில் நின்றால் ஐந்தாறு விதமான தமிழ் காதில் விழும். ஊர்ப் புத்தளத்தார் பேசுவது ஒன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்து குடியேறிய முஸ்லிம் மக்களின் மன்னார்த் தமிழ், முசலித் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், முல்லைத்தீவுத் தமிழ் என்று இன்னும் சில. உடப்பிலிருந்து வந்தவர்களின் தமிழ் இன்னொன்று. அத்தனை தமிழிலும் ஒரே கேள்விதான்: "எந்திரன் வந்திட்டா?"

எட்டு வருஷம் கழித்து '2.0' வந்தபோது கடைகள் பல மூடியிருந்தன, படம் போனுக்குள் போயிருந்தது. 2017 தீபாவளி என்றார்கள், பிறகு 2018 ஜனவரி என்றார்கள், கடைசியில் 2018 நவம்பர் 29 அன்று வந்தது. செலவு 500 கோடி இந்திய ரூபாய்க்கும் மேல் என்று பேசப்பட்டது. முதலிலிருந்தே முப்பரிமாணக் கமெராக்களில் எடுத்த படம். பறவை இறக்கை விரித்தால் பார்ப்பவன் முகத்தில் காற்றடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு எடுத்த அந்தப் படத்தை, இந்தக் கரையில் கணிசமான பேர் உள்ளங்கை அகலத் திரையில், தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்தார்கள். போன்களைக் கண்டித்து எடுத்த படத்துக்குப் போனிலேயே கூட்டம் சேர்ந்தது. ஷங்கருக்கு இது தெரிந்தால் சிரிப்பாரா, அழுவாரா தெரியாது.

முரண் அங்கேயும் முடியவில்லை. படத்தைத் தயாரித்த லைக்கா, வெளிநாட்டுத் தமிழர்களின் வீடுகளுக்கு சிம் அட்டை மூலம் அறிமுகமான நிறுவனம். அதன் நிறுவனர் சுபாஸ்கரன் அல்லிராஜா முல்லைத்தீவுக்காரர். ஆக, கைத்தொலைபேசிக் கோபுரங்கள் குருவிகளைக் கொல்கின்றன என்று சொல்லும் படத்துக்குக் காசு போட்டது கைத்தொலைபேசிக் கம்பெனி. இந்தியக் கைத்தொலைபேசி நிறுவனங்களின் சங்கமோ படம் வெளிவருமுன்பே தணிக்கைச் சபைக்கு முறைப்பாடு எழுதியது. இன்னொன்றும் உண்டு. லைக்காவின் ஞானம் அறக்கட்டளை வவுனியாவில் கட்டிய 150 வீடுகளைக் கையளிக்க 2017 ஏப்ரலில் ரஜினி வருவதாக இருந்தது. வைகோ, திருமாவளவன் உள்ளிட்ட தமிழகத் தலைவர்கள் போகவேண்டாம் என்றார்கள். அவரும் பயணத்தை நிறுத்திக்கொண்டார். சிட்டி இந்த மண்ணை மிதிக்க வேண்டிய சந்தர்ப்பம் அப்படிப் போயிற்று.

படத்துக்கு வருவோம். தொடக்கம் பிரமாதம். ஒரு முதியவர் கோபுரத்தின் உச்சியில் ஏறித் தூக்குப் போட்டுக்கொள்கிறார். அதன் பிறகு ஊரிலுள்ள போன்களெல்லாம் கைகளிலிருந்து பிடுங்கிக்கொண்டு வானத்துக்குப் பறக்கின்றன. பேசிக்கொண்டிருந்தவனின் காதிலிருந்தும் மேசையிலிருந்தும் சட்டைப் பையிலிருந்தும் பறக்கின்றன. பிறகு அவை தெருவில் கம்பளம் போல விரிந்து, ஒளிரும் திரைகளோடு நெளிந்து வருகின்றன. இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு அன்றிரவு தலைமாட்டில் போனை வைத்துத் தூங்கியவர்களுக்கு ஒரு சின்னத் தயக்கமாவது வந்திருக்கும். இந்த அளவில் 'எந்திரன்' செய்யாததை '2.0' செய்தது.

அதற்குப் பிறகு சிட்டியை எழுப்புகிறார்கள். பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது. தன்னைத்தானே கழற்றிக்கொண்டவனை மறுபடி பூட்டுகிறார்கள். அவனுக்கு என்ன தோன்றியிருக்கும்? பழைய காதல் நினைவிருக்கிறதா? தன் கையால் செத்தவர்களை நினைத்துக் கூசுகிறானா? கழற்றச் சொன்னவர்கள் இப்போது காரியம் ஆகவேண்டும் என்று வந்து நிற்கிறார்களே என்று ஒரு சிரிப்பாவது சிரிக்கிறானா? படம் எதையும் கேட்பதில்லை. ஆளைப் பூட்டு, சண்டைக்கு அனுப்பு. தோற்றால் பழைய கெட்ட சில்லைப் போட்டு மறுபடி அனுப்பு. முதல் படத்தில் அந்தச் சில்லு ஒரு பாவம். இரண்டாம் படத்தில் அது ஒரு 'அப்டேட்'. படத்தின் பெயரே முதல் படத்து வில்லனின் பெயர்தான், கொட்டகையில் அந்தப் பெயருக்குத்தான் விசில்.

சனா என்னவானாள்? முதல் படத்தின் அத்தனை கலவரத்துக்கும் காரணமான ஐஸ்வர்யா ராயின் பாத்திரம் இங்கே திரையில் வருவதே இல்லை. வசீகரனுக்கு வரும் தொலைபேசி அழைப்பில் குரலாக மட்டும் இருக்கிறாள். போன்களை எதிர்க்கும் படத்தில் நாயகி போனுக்குள் குடியிருக்கிறாள்.

அப்படியானால் '2.0' தோற்ற படமா? அவசரப்பட வேண்டாம். நடுவில் அக்ஷய் குமார் வருகிறார். பக்ஷிராஜன் என்ற பறவையியல் பேராசிரியர், வளைந்த முதுகு, நரைத்த தாடி. அந்தப் பாத்திரத்துக்கு மாதிரியாக இருந்தவர் இந்தியாவின் பறவை மனிதர் சாலிம் அலி. நிஜ சாலிம் அலி 1896-இல் பிறந்து 90 வயது தாண்டி வாழ்ந்து, பத்ம விபூஷண் பெற்று, ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்ற பொருள்படும் தலைப்பில் சுயசரிதையும் எழுதிவிட்டு 1987-இல் போனார். படத்தின் பக்ஷிராஜனுக்கு அந்த மரியாதை எதுவும் கிடைப்பதில்லை. அலுவலகம் அலுவலகமாக மனுக் கொடுக்கிறார், ஆர்ப்பாட்டம் செய்கிறார், வழக்குப் போடுகிறார். கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே போனைப் பார்க்கிறார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் ரஜினி இல்லை, ரொபோ இல்லை, பெரிய கிராபிக்ஸும் இல்லை. செத்த குஞ்சுகளைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு கிழவர் இருக்கிறார், அவ்வளவுதான். அந்தக் கால் மணி நேரம்தான் படம்.

அந்தக் கிழவரை வில்லனாக்கி அடித்து வீழ்த்த வேண்டிய கட்டாயம் கதைக்கு இருக்கிறது. கடைசிச் சண்டையில் குட்டி ரொபோக்கள் புறாக்களின் முதுகில் ஏறி வருகின்றன. பறவைக்கு அடி விழுந்துவிடும் என்று பக்ஷிராஜன் தயங்கும் நொடியில்தான் ஆட்டம் மாறுகிறது. ஒருவருடைய இரக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவரை வீழ்த்துகிறான் கதாநாயகன். படம் இதை ஒரு புத்திசாலித்தனமான தந்திரமாகவே காட்டுகிறது. தீயிலிருந்து தூக்கி வந்த அந்தப் பிள்ளைக்காகச் சங்கடப்பட்ட முதல் படம் இந்த இடத்தில் சும்மா இருந்திருக்காது.

ஹொலிவூட்டில் இந்த வழக்கு நாற்பது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. ரிச்சர்ட் டொனர் 1978-இல் 'சூப்பர்மேன்' எடுத்தபோதே இரண்டாம் பாகத்தில் பெரும்பகுதியையும் சேர்த்து எடுத்துவைத்திருந்தார். தயாரிப்பாளர்களோடு முட்டிக்கொண்டதில் அவரை வெளியே அனுப்பிவிட்டு ரிச்சர்ட் லெஸ்டரை வைத்து முடித்து 1980-இல் விட்டார்கள். டொனர் எடுத்த வடிவம் 2006-இல் தனியாக வெளிவந்தது. ஒரே இரண்டாம் பாகம் இரண்டு தரம் வந்து, எது அசல் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

இரண்டாம் பாகம் முதலாவதை மிஞ்சிய கதைக்கு எல்லோரும் காட்டுவது இரண்டு படங்களை. 2004-இல் சாம் ரெய்மியின் 'ஸ்பைடர்மேன் 2', 2008-இல் கிறிஸ்டோபர் நோலனின் 'த டார்க் நைட்'. இரண்டாவதில் ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் படம் வருமுன்பே இறந்து, ஒஸ்கார் விருது அவருக்குப் பின்னால் வந்தது. கற்பிட்டிப் பையன்களின் ரயில் வழக்குக்கு உதவுவது முதலாவதுதான். அதிலும் ஒரு ரயில் வருகிறது. பிரேக் போன ரயிலைத் தன் உடம்பால் நிறுத்திவிட்டு மயங்கி விழுகிறான் ஸ்பைடர்மேன். முகமூடி கழன்றுபோயிருக்கிறது. பயணிகள் அவனைத் தலைக்கு மேலே தூக்கிக் கைமாற்றி உள்ளே கொண்டுவந்து கிடத்துகிறார்கள். குனிந்து பார்த்தால், தங்கள் வீட்டுப் பிள்ளை வயசு. இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பிக் கொடுத்து, யாருக்கும் சொல்லமாட்டோம் என்கிறார்கள். வாடகை கட்ட வழியில்லாமல், பீட்சா கொண்டுபோகும் வேலையும் பறிபோய், காதலியின் நாடகத்துக்கும் பிந்தி, முதல் படத்தில் கிடைத்த சக்திக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிற பையன் அவன். முதல் படம் முடிந்த இடத்தில் வலித்ததை எடுத்து, இன்னும் அழுத்திப் பார்த்தது அந்த இரண்டாம் பாகம். சிட்டிக்கும் வலி இருந்தது, கண்ணாடிப் பெட்டிக்குள். அதை எடுக்கத்தான் ஆளில்லை.

இந்திய அளவில் 'கிரிஷ்' ஒரு வினோதம். 2003-இல் வந்த 'கோயி மில் கயா' வேற்றுக்கிரகவாசியோடு சிநேகம் பிடிக்கும் ஒரு வெகுளிப் பையனின் கதை, சூப்பர் ஹீரோவே இல்லை. 2006-இல் அவன் மகனுக்கு முகமூடி போட்டு ராகேஷ் ரோஷன் இரண்டாம் பாகம் எடுத்தார். பிள்ளைகளுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருப்பது முகமூடிதான். மலையாளத்தில் 2021-இல் வந்த 'மின்னல் முரளி'யும், கள்ளியங்காட்டு நீலியின் கதையை இன்றைய பெங்களூருக்குக் கொண்டுவந்த 2025-இன் 'லோகா'வும் முதல் பாகத்தோடு நிற்கின்றன. 'லோகா'வுக்கு அடுத்தது அறிவித்தாயிற்று. வரட்டும், பார்ப்போம். ஷங்கரைப் பொறுத்தவரை '2.0' கடைசி அடி இல்லை. 1996-இன் 'இந்தியன்' தாத்தாவை 28 வருஷம் கழித்து 2024-இல் அழைத்து வந்தார். அந்தப் பேச்சை இங்கே எடுக்காமல் விடுவது தாத்தாவுக்கு மரியாதை.

எடுக்காமல் விட்டதாலேயே மதிப்புக் கூடிய இரண்டாம் பாகமும் தமிழில் உண்டு. நாவலப்பிட்டிப் பக்கம் பிறந்து சென்னையை ஆண்ட எம்.ஜி.ஆர் 1973-இல் 'உலகம் சுற்றும் வாலிபன்' எடுத்தார். மின்னலைப் பிடித்து அடைக்கும் விஞ்ஞானி, அவரைத் தேடும் தம்பி ராஜு. படம் முடியும்போது 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு' என்று அடுத்த படத்தின் பெயர் திரையில் வந்தது. அது எம்.ஜி.ஆர் காலத்தில் வரவேயில்லை. வராத படத்தில் ஒரு காட்சியும் சொதப்பவில்லை.

உடப்பில் இந்த வழக்கை வேறு மாதிரிப் பார்க்கலாம். முந்தலுக்குத் தெற்கே, கரைவலை இழுப்பும் அம்பாப் பாட்டும் இன்னும் உயிரோடு இருக்கிற தமிழ் மீனவ ஊர் அது. திரௌபதி அம்மன் கோயிலின் ஆடித் திருவிழாவில் தீமிதிப்புக்குச் சுற்றுவட்டாரமே திரளும். பாரதக் கதை அங்கே ஏட்டில் கிடக்கிற சமாச்சாரமில்லை, சாமிகளெல்லாம் ஊர்க்காரர்கள் மாதிரி. பறக்கும் பாணம், மலையைத் தூக்கும் பலம், சாகா வரம், கவச குண்டலம் என்று சூப்பர் ஹீரோப் படத்துக்கு வேண்டிய சாமான் அத்தனையும் பாரதத்தில் இருக்கிறது. 18 நாள் போரும் முடிந்த பிறகு கதை சொன்னவர் என்ன செய்தார்? இதைவிடப் பெரிய போர் ஒன்றைக் கொண்டுவரவில்லை. செத்த பிள்ளைகளைத் தேடிக் களத்துக்கு வரும் தாய்மார்களைக் காட்டினார். அம்புப் படுக்கையில் கிடக்கும் கிழவனைப் பேசவைத்தார். வென்றவனுக்கு அரியணையில் உட்கார மனசு வரவில்லை என்றார். பாரதத்தில் மிக நீளமான பருவம் போர்ப் பருவம் எதுவுமில்லை, போர் முடிந்த பிறகு வரும் சாந்தி பருவம்தான். ஹொலிவூட்டில் இந்தக் கதையைக் கொண்டுபோனால் ஒரு தயாரிப்பாளரும் காசு தரமாட்டார்.

உடப்புக்குக் கிட்டவே இருக்கிறது ஆனைவிழுந்தாவ. ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கொடுக்கும் பழைய சின்னக் குளங்கள், ஓரத்தில் கண்டல் காடு, அப்பால் கடல். 2001-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த சரணாலயம். மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைப் பாதைக்கு இந்தத் தீவு கடைசித் தரிப்பு. இதற்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரைக்கும் வெறும் கடல். வாடைக்காலத்தில் புத்தளம் களப்பிலும் மன்னாரிலும் வந்திறங்கும் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்குப் பக்ஷிராஜன் ஏன் அழுதார் என்று விளக்க வேண்டியதில்லை.

அவர் சொன்ன காரணம் சரியா என்பது வேறு. இந்தியச் சுற்றாடல் அமைச்சு 2010 ஓகஸ்டில், 'எந்திரன்' வருவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு, கோபுரக் கதிர்வீச்சு பறவைகளையும் தேனீக்களையும் என்ன செய்கிறது என்று பார்க்க ஒரு குழு போட்டது. குழு 919 ஆய்வுகளைப் புரட்டி, 593-இல் பாதிப்புச் சொல்லப்பட்டிருப்பதாக எழுதியது. ஆனால் அவற்றில் பறவைகளைப் பற்றியவை சிறு பங்குதான். 2014-இல் ஜெர்மனியின் ஓல்டன்பேர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மின்காந்த இரைச்சல் ராபின் குருவிகளின் திசையறிவைக் குழப்புவதை நிரூபித்தார்கள். அதுவும் கைத்தொலைபேசி அலைவரிசைக்கு மிகக் கீழே உள்ள இரைச்சல். சிட்டுக்குருவி குறைந்ததற்குப் பூச்சி குறைந்ததையும் கூடு கட்ட ஓட்டு இடுக்கு இல்லாமல் போனதையும்தான் பறவையியலாளர்கள் முதலில் சொல்கிறார்கள். படம் குற்றவாளியைத் தவறாகப் பிடித்திருக்கலாம். பிணம் கிடப்பது நிஜம்.

இந்தக் கரையில் குற்றவாளியைத் தேடக் கோபுரத்தில் ஏற வேண்டியதில்லை. 1980-களில் தொடங்கிய இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் காடுகள் போயின. பிறகு வெண்புள்ளி நோய் வந்து இறாலும் செத்தது, கைவிட்ட குட்டைகள் மிஞ்சின. 2020-இல் ஆனைவிழுந்தாவ சரணாலயத்துக்குள்ளேயே பெக்கோ இயந்திரம் இறக்கிக் கண்டலைப் பிடுங்கினார்கள், வயம்ப பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்கு நட்டு வளர்த்த செடிகளும் அதில் போயின. வடக்கே மன்னாரில் அதே 2020 டிசம்பரில் 30 காற்றாலைகளோடு 'தம்பபவனி' திறந்தார்கள், 103.5 மெகாவொட். அடுத்ததாக மன்னாரிலும் பூநகரியிலும் அதானி நிறுவனம் கட்ட வந்த 484 மெகாவொட் திட்டத்துக்கு எதிராகச் சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போனபோது மனுக்களில் முக்கிய இடம் பறவைப் பாதைக்குத்தான். 2025 பெப்ரவரியில் அதானி விலகியது விலைப் பேரத்தால். அதன் பிறகும் புதிய காற்றாலைகள் வேண்டாம் என்று மன்னார் மக்கள் தெருவில் இறங்கினார்கள். நிலக்கரிப் புகையா, காற்றாடி இறக்கையா என்று கேட்டால் நுரைச்சோலைக்காரர் ஒரு பதில் சொல்வார், மன்னார்க்காரர் இன்னொன்று சொல்வார், பூநாரையிடம் யாரும் கேட்கப்போவதில்லை.

இங்கேதான் பஸ்ஸில் நடந்த வழக்கு திரும்பி வருகிறது. படம் என்று எடுத்தால் 'எந்திரன்' மேல், பெரிய வித்தியாசத்தில் மேல். சிரிப்பு, காதல், பயம், கடைசியில் தொண்டை அடைப்பு எல்லாம் அதில்தான். '2.0' சிட்டியைக் கைவிட்டது, அதற்கு மன்னிப்பில்லை. ஆனால் சிட்டியின் கவலை சென்னை ஆய்வுகூடத்துக் கவலை. பக்ஷிராஜன் கையில் ஏந்தியிருந்த குஞ்சு கற்பிட்டிக் களப்பு ஓரத்திலும் கிடக்கக்கூடியது. முதலாவதைவிடக் குறைந்த படம், முதலாவதைவிட இந்த ஊருக்கு நெருங்கிய சங்கதியோடு வந்தது. இரண்டு தீர்ப்பையும் ஒரே ஆள் சொல்லலாம், முரண் இல்லை.

கண்டக்குழிக் கரையில் ஒரு மீன் வாடி. சோளகக் காற்று ஓலையைப் பிய்க்கப் பார்க்கிறது. வலை தைத்து முடித்த கையோடு ஒருவர் சுருட்டுப் பற்றவைக்க, அவருடைய போனைப் பையன்கள் எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டார்கள். கடலுக்குக் கொண்டுபோகும்போது சுற்றும் பொலித்தீன் பையைக்கூடக் கழற்றவில்லை. பை வழியாகவே பார்க்கிறார்கள். நிறமெல்லாம் மங்கி, பக்ஷிராஜன் குஞ்சுகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். ஒருவனும் பேசவில்லை. கிழவர் கோபுரத்தில் ஏறி முடிகிறது. சிட்டி எழுந்து நிற்கிறான், இசை உரத்து வருகிறது.

"போன இங்க தாங்கடா. நாளைக்குக் காத்து எப்பிடியெண்டு பாக்கணும்."

சின்னவன் மறுபேச்சில்லாமல் நீட்டினான்.

"இந்தாங்க வாப்பா. இனிச் சண்டதானே."